கிளஸ்டர் பதினான்கின் மகத்தான வெற்றி

மனிதகுலம் இதுவரை நடத்திய போர்களிலேயே மிக நாகரிகமானது வீடியோ கேம் பெட்டி தயாரிப்பாளர்களின் போர். அதில் ரத்தம் கிடையாது. கைதிகள் கிடையாது. தோற்றவன்கூட அடுத்த தீபாவளிக்குப் புது மாடலைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்து நிற்பான். அந்தப் போரின் தலைவிதி ஜப்பானிலோ அமெரிக்காவிலோ தீர்மானிக்கப்பட்டதாக யாராவது எழுதினால் நம்பாதீர்கள். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில், ஏரிக்கரைத் திருப்பம் தாண்டி, ஒரு நெல் குடோனில் அது தீர்மானிக்கப்பட்டது. ஊரின் பெயரைச் சொல்ல முடியாது. நிறுவன ரகசியம். மெக்ரா நிறுவனத்தின் கோப்புகளில் அதற்குக் 'கிளஸ்டர் பதினான்கு' என்று பெயர்.

இந்த வரலாற்றைப் படைத்தவன் வினோத்குமார். பதவி, வட்டார வியூக அலுவலர். அடையாள அட்டையில் அந்தப் பதவிக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஒப்பந்தம்' என்று இருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் அவனுடைய வியாதி. பொங்கலோடு ஒப்பந்தம் முடிகிறது. கிளஸ்டர் பதினான்கைக் கைப்பற்றினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால், இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்ட மற்ற பையன்களைப் போல, ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ராத்திரி ஷிஃப்டுக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்டவேண்டும். ஏற்கெனவே ஒரு வருடம் ஒட்டியிருக்கிறான். பசையின் வாசனை இன்னும் சோற்றில் வரும்.

அவன் மானாம்பதிக்காரன். மானாம்பதி என்றால் ஊர் இல்லை, காலனி. அப்பா அடுத்தவர் நிலத்தில் வரப்பு அண்டை வெட்டிப் படிக்கவைத்தார். வினோத்குமார் என்ற பெயரில் எந்தத் தெருவும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அந்தப் பெயரை வைத்தார்கள். அவனும் வளர்ந்து, ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே பதில் சொல்லும் கலையில் தேர்ந்திருந்தான். வியூக அலுவலர் வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி தேவைப்படவில்லை.

வியூகம் இதுதான். மெக்ராவில் நீல விளக்கு எரியும். எதிரியான ஜிவோனாவில் பச்சை விளக்கு எரியும். மேல்மூடியைக் கழற்றினால் எது எது என்று செய்தவனுக்கே சந்தேகம் வரும். ஆகவே இரண்டு நிறுவனங்களும் 'பிரத்தியேக விளையாட்டு' என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தன. இதில் ஓடுவது அதில் ஓடாது. அதில் ஓடுவது இதில் ஓடாது. ஒரு பெட்டிக்குள் வந்தவன் சாகும்வரை அந்தப் பெட்டிக்காரன். இதை யோசித்துப் பிடிக்க உலகின் தலைசிறந்த மூளைகளுக்கு எத்தனையோ வருடங்கள் ஆயின. பாவம், உத்திரமேரூர் பக்கம் வந்து ஒரு நாள் சுற்றிப் பார்த்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

கிளஸ்டரில் ஓர் 'அனுபவ மையம்' திறக்கவேண்டும் என்பது தலைமையகத்தின் உத்தரவு. மையத்துக்கு இடம் வேண்டும். இடம் தாண்டவராயனிடம் இருந்தது. அந்த ஊரில் எல்லா இடமும் தாண்டவராயனிடம்தான் இருந்தது.

"வாங்க தம்பி, குந்துங்க" என்றார் தாண்டவராயன். "பவளம், தம்பிக்கு டீ எட்தா."

அவர் மனைவி பவளம் பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மானாம்பதிங்க."

"அட, பக்கத்துலதான். மானாம்பதில எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாப் பக்கம்ங்க."

"பஸ் ஸ்டாப் பக்கம்னா?"

"ஏறி எறங்க வசதியா இருக்கும்ங்க" என்று சொல்லி வினோத்குமார் பெட்டியைத் திறந்து நீல விளக்கைக் காட்டினான். விளக்கைப் பார்த்த தாண்டவராயன் தெருவை மறந்தார். மெக்ராவின் விளக்கு அந்த அளவுக்குத் தரமானது.

"அந்த ஜிவோனாகாரன் ஆட்டம் இதுல ஓடுமா?"

"ஓடாதுங்க."

"நம்ம ஆட்டம் அவன் மிஷின்ல?"

"அதுவும் ஓடாதுங்க."

"கடைல ரெண்டும் ஒரே அலமாரிலதான குந்திக்கினு இருக்கும்?"

"ஆமாங்க. பக்கத்துல பக்கத்துல."

"பக்கத்துல பக்கத்துல கீது. ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு பொழக்கம் இல்ல." தாண்டவராயன் கண்ணை மூடி அதை ஒரு முறை சுவைத்தார். "சோக்கா யோசிச்சிகீறான்பா. எந்த ஊர்க்காரன் கண்டுபுடிச்சது?"

"வெளிநாடுங்க."

"அங்கயும் நம்மள மாதிரி ஆளுங்க கீறாங்கன்னு சொல்லு. சரி, பழைய ஆட்டமெல்லாம் இந்தப் புது மிஷின்ல ஓடுமா? எம் புள்ள மோகன்குமார் நெறைய வாங்கி வெச்சிகீறான்."

"அதுதாங்க மெக்ராவோட பெருமையே" என்று வினோத்குமார் விளம்பரத் தாளில் இருந்த வாசகத்தை அப்படியே சொன்னான். "புது மிஷின்ல பழசு எல்லாம் ஓடும்."

நெல் குடோனின் சாவி அங்கேயே, அப்போதே, கை மாறியது.

அன்று காலையில் அதே வாசலுக்கு ஜிவோனாவின் வட்டார அலுவலரும் வந்திருந்தாள். தென்னேரிப் பெண். கேட்டுக்கு வெளியே நின்றபடி வணக்கம் சொன்னாள். தாண்டவராயன் பெயரைக் கேட்டார். ஷீபா என்றாள். "அந்த மதகத் தாண்டிப் போம்மா. அப்பால ஜான் வூடுன்னு கேளு, காட்டுவாங்க" என்றார் அவர். தெருவைக்கூடக் கேட்கவில்லை. சில பெயர்கள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. அப்படித்தான் காலனியில், ஜானின் தகர ஷெட்டில், பச்சை விளக்கு எரிந்தது.

எதிரி நிறுவனங்களின் அலுவலர்கள் சந்தித்துக்கொள்வது இரண்டு நிறுவனங்களிலும் தடை செய்யப்பட்ட ஒன்று. ஆகவே ஷீபாவும் வினோத்குமாரும் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஒரே டீக்கடையில், ஒரே பெஞ்சில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து பேசினார்கள்.

"இன்னா வினோத்து, எவர்சில்வர் டம்ளர்ல குடிச்சியாமே?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்து. ஏன்பா, எங்க அத்த ஒங்க அம்மா வூட்டுக்கு எதிர் வூட்லதான கீது? அதுகிட்ட சொன்னா சந்தோசப்படும். 'நம்ம பையன் பெரிய வூட்ல டம்ளர்ல குடிச்சிக்கினு கீறான்'னு."

"ஒங்க அத்தைக்கு வேற வேல இல்லியா? ஷீபா, எனக்குப் பொங்கல் வரைக்கும்தான் டைம். பேஜார் பண்ணாத."

"நான் ஏன் பண்றேன்? நீயே பண்ணிக்குவ" என்றாள் அவள். அவளுக்கும் ஒப்பந்தம்தான். ஆனால் அவள் பெயரிலேயே எல்லாம் எழுதியிருந்ததால் மறைக்கிற செலவு மிச்சம்.

இரண்டு மையங்களும் திறந்தன. ஊர்ப் பையன்கள் நெல் குடோனுக்கு வந்தார்கள். காலனிப் பையன்கள் தகர ஷெட்டுக்குப் போனார்கள். நடுவில் இருந்தது ஒரு மதகு. தாண்ட எத்தனை எட்டு என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஜிவோனாவில் அருமையான கபடி ஆட்டம் வந்தபோதும் ஊர்ப் பையன் ஒருவன்கூட மதகைத் தாண்டவில்லை. மெக்ரா இலவச பிரியாணி அறிவித்தபோதும் காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. வினோத்குமார் இதை அறிக்கையாக அனுப்பினான். வாடிக்கையாளர் விசுவாசம் முழுமை. கட்சி மாறியவர்கள் யாரும் இல்லை.

தலைமையகம் நடுங்கிப்போனது. உலகத்தில் எந்தச் சந்தையிலும் அப்படி ஓர் எண் வந்ததில்லை. மண்டல மேலாளர் சுப்பிரமணி சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தார். சிரிக்கும்போதும் ஏதோ பாடம் நடத்துவது போலவே சிரிக்கும் முகம் அவருக்கு.

"வினோத், நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"அதைத்தான் கேக்கறேன். ஒண்ணும் பண்ணாம இருக்கறதை எப்படிப் பண்ணீங்க?"

"இந்த ஊர்ல அப்படித்தான் சார். இவங்க அங்க போக மாட்டாங்க. அவங்க இங்க வர மாட்டாங்க."

"ஏன்?"

"பாரம்பரியம் சார்."

"பிரமாதம்! பாரம்பரியம் சார்ந்த விசுவாசம்!" சுப்பிரமணி அதை எழுதிக்கொண்டார். "உத்திரமேரூர் மாடல்னு பேர் வைப்போம். உங்க நிரந்தரத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. பாதி முடிஞ்ச மாதிரி."

மீதிப் பாதியைக் கெடுத்தவர்கள் சென்னைப் பையன்கள். அடுத்த ஃப்ளாட் நண்பன் ஜிவோனா வைத்திருக்கிறான், அவனோடு ஆட முடியவில்லையே என்று அவர்கள் இணையத்தில் கூப்பாடு போட்டார்கள். கூப்பாடு பெரிதானதும் மெக்ராவும் ஜிவோனாவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஒப்பந்தம் செய்தன. அதற்குக் 'கூட்டாட்டம்' என்று பெயர். இனி எந்தப் பெட்டிக்காரனும் எந்தப் பெட்டிக்காரனோடும் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடலாம், காதில் மாட்டிய ஹெட்போனில் பேசிக்கொள்ளலாம். விரும்பிய பெயரில் ஆடலாம் என்பதால் யார் யாரென்று தெரியாது. பெட்டிகள் ஒரே நாளில் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. கிளஸ்டர் பதினான்கில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

தாண்டவராயனின் மகன் மோகன்குமார் அப்போது பாலைவனத்தில் இருந்தான். அதாவது, 'மணல் படை' என்ற ஆட்டத்தில். இரண்டு வீரர்கள் வெயிலில் சண்டை போட்டுக்கொண்டே ஒரு கோட்டைக்குப் போகவேண்டும். கையில் துப்பாக்கி, இடுப்பில் தண்ணீர்க் குடுவை. தாகத்தில் விழுந்தால் கூட்டாளி தன் குடுவையைக் கொடுத்து எழுப்பலாம். மோகன்குமார் ஒழுங்காகச் சுடுவான். ஆனால் தண்ணீரைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆகவே ஆட்டத்துக்கு ஆட்டம் விழுந்தான். அவன் விழும்போதெல்லாம் 'சூறாவளி' என்ற பெயரில் ஒரு கூட்டாளி ஓடிவந்து குடுவையை நீட்டினான்.

"குடி மச்சி, குடி. இன்னும் ரெண்டு டவர்தான் கீது."

"நீ இல்லன்னா செத்தேன்டா சூறாவளி."

"அத்த அப்பால பேசிக்கலாம். லெஃப்ட்ல வரான் பாரு."

இப்படியே மாதக்கணக்கில் கோட்டை மேல் கோட்டையாகப் பிடித்தார்கள். ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில், நெல் குடோனின் வாசலில் வெங்காயம் விற்கிற குட்டி யானை வண்டி வந்து நின்றது. "நாசிக் வெங்காயம், நயமான வெங்காயம்" என்று அதன் ஒலிபெருக்கி கத்தியது. வண்டி கிளம்பி மதகைத் தாண்டியது. சற்று நேரத்தில் மோகன்குமாரின் ஹெட்போனுக்குள், சூறாவளியின் பக்கத்திலிருந்து, அதே குரல் கேட்டது. நாசிக் வெங்காயம். நயமான வெங்காயம்.

"டேய் சூறாவளி! நீ நம்ம ஊராடா? எந்தத் தெரு?"

அந்தப் பக்கத்தில் வெங்காயம் மட்டும் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"ஜான்டா."

மோகன்குமார் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே செய்தி அவனுடைய நைனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளஸ்டரின் தகவல் தொடர்புக்கு இணையம் தேவைப்பட்டதே இல்லை.

மறுநாள் காலை, நாஷ்டா முடிந்ததும், நெல் குடோனில் ஊர்க் கூட்டம் கூடியது. இப்படிப்பட்ட நுட்பமான தொழில்நுட்ப விவாதம் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில்கூட நடந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம். கோயில் தர்மகர்த்தா பஞ்சாட்சரம் தலைமை தாங்கினார். நிறுவனத்தின் சார்பில் வினோத்குமார் அழைக்கப்பட்டிருந்தான். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் டீ வைத்திருந்தார்கள்.

"தண்ணி குடிச்சது நம்ம புள்ளயா, பொம்மையா?" என்று பஞ்சாட்சரம் விசாரணையைத் தொடங்கினார்.

"பொம்மைதாங்க" என்றான் வினோத்குமார்.

"பொம்மைக்குப் பேரு?"

"மோகன்குமார்னு வெச்சிருக்காருங்க."

"அப்ப நம்ம புள்ளதான். குடுவை யாரோடது?"

"ஜானோடதுங்க. ஜானோட பொம்மையோடது."

"வாய் வெச்சிக் குடிச்சானா, அண்ணாந்து குடிச்சானா?"

மோகன்குமார் தலையைக் குனிந்தபடி, "அண்ணாந்துதான்" என்றான்.

"பொய் சொல்லாத. தம்பி, அந்த ஆட்டத்த திரும்பிப் போட முடியுமா?"

முடியும். மெக்ராவில் எல்லா ஆட்டமும் தானாகவே பதிவாகும். அது மெக்ராவின் இன்னொரு பெருமை. வினோத்குமார் தன் கையாலேயே பெரிய திரையில் ஓட்டினான். கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் பார்ப்பதுபோல நிறுத்தி நிறுத்தி, மெல்ல மெல்ல ஓட்டச் சொன்னார்கள். மணலில் மோகன்குமார் விழுந்து கிடக்கிறான். ஜான் மண்டியிடுகிறான். குடுவை சாய்கிறது. உதடு குடுவையில் படுகிறது. "நிறுத்து!" என்றார் பஞ்சாட்சரம். கூட்டம் முழுவதும் 'உச்' கொட்டியது.

தாண்டவராயன் எழுந்து மகனைப் பார்த்தார். "ஏன்டா, தாகமா இருந்தா வூட்டுக்கு வந்து குடிக்க வேண்டியதுதானடா!"

நிரந்தர வேலை கை நழுவுவது வினோத்குமாருக்குத் தெரிந்தது. "ஐயா, அந்தத் தண்ணி நேரா வரலீங்க. எல்லாம் மும்பைல இருக்கற சர்வருக்குப் போயிட்டுத்தான் இங்க வருது" என்றான்.

இது சபையை யோசிக்க வைத்தது. "மும்பைல கடல் கீது" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "கடல்ல முங்கி எழுந்து வந்தா தோஷம் இல்லதான்" என்று பஞ்சாட்சரம் ஒப்புக்கொண்டார். "ஆனா ஒயரு கடல் வழியா வருதா, தரை வழியா வருதா?"

"தெரியலீங்க" என்றான் வினோத்குமார். வியூகத்தில் அவன் செய்த ஒரே பிழை அதுதான்.

தீர்மானம் நிறைவேறியது. பொங்கலுக்கு முன்னால் மெக்ரா இதற்கு ஒரு வழி செய்யவேண்டும். இல்லாவிட்டால் குடோனில் பழையபடி நெல்லையே கொட்டிக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் ஜானின் ஷெட்டுக்குப் போகும் கேபிளை யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். யார் என்று ஊருக்கே தெரியும். ஆகவே யாரும் விசாரிக்கவில்லை.

சுப்பிரமணி வீடியோ காலில் வந்தார். முதலில் அவருக்குப் பிரச்சினை புரியவில்லை. பிறகு புரியாதது போலவே இருந்துவிடுவது நல்லது என்று புரிந்தது.

"வினோத், காரணம் எனக்கு வேண்டாம். தீர்வு வேணும். உங்க நிரந்தரம் அதுலதான் இருக்கு."

தீர்வை வினோத்குமார் எழுதினான். அதன் பெயர் 'மன இணக்க வடிகட்டி'. ஆட்டம் தொடங்கும் முன் பெட்டி, ஜிவோனாவிலிருந்து சேர வருபவர் உட்பட, பயனாளரின் ஊரையும் தெருவையும் கேட்கும். யாருக்கு யாரோடு 'மனவசதியோ' அவரோடு மட்டும் சேர்த்துவிடும். அவ்வளவுதான். சாதி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. நிறுவனத்தின் சட்டப் பிரிவு பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. தெருவைத்தானே கேட்கிறோம்? கூரியர்காரர்கூடத்தான் கேட்கிறார்.

திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி அதன் கடைசிப் பக்கம். பயனாளர்கள் பொய் சொல்லித் தப்பிக்கலாம் அல்லவா? அதைத் தடுக்கும் வழிகள் அங்கே இருந்தன. தெருவைக் கேட்டால் ஊரின் பெயரையே திருப்பிச் சொல்வார்கள். அது செல்லாது. 'டவுனில் இருக்கிறோம்' என்பார்கள். செல்லாது. பேச்சை மாற்றப் பார்ப்பார்கள். பெட்டி மாற விடாது. 'பஸ் ஸ்டாப் பக்கம்' என்பார்கள். அதுவும் செல்லாது. பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கமே பதிலாக எடுத்துக்கொள்ளப்படும். இந்தப் பக்கத்தை எழுத வினோத்குமார் எந்த நிபுணரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. ஒரே மூச்சில் எழுதினான்.

"படா மூளைதான் ஒனக்கு" என்றாள் ஷீபா, டீக்கடை பெஞ்சில், எதிர்ப்பக்கம் பார்த்தபடி. "ஒரு சந்து பொந்து வுடலியே. அத்தினியும் ஒன் சொந்த அனுபவமா?"

"பொழப்புக்கு எழுதினேன். நீ மட்டும் இன்னா, ஜான் ஷெட்டுக்கு அறுந்த கேபிள மறுபடி போட்டுக் குடுத்துட்டு புரட்சி பண்றியா?"

"நான் கேபிள் போட்டதும் பொழப்புக்குத்தான். பச்ச லைட்டு எரிஞ்சாதான் எனக்குச் சம்பளம்." அவள் டம்ளரை வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன். ஒன் வடிகட்டில நீ எந்தப் பக்கம் நிப்ப, மேலயா கீழயா?"

"நான் ஆடப் போறதில்ல."

"ஆமாமா. பஸ் ஸ்டாப்லயே நிக்கப் போற."

வடிகட்டி சோதனைக்கு வந்த வாரம், மோகன்குமார் குடோனின் பின்பக்கம் வினோத்குமாரைத் தனியாகப் பிடித்தான். தாடி வளர்ந்திருந்தது. ஜான் போன பிறகு அவன் ஒரு கோட்டைகூடப் பிடிக்கவில்லை. கூட ஆடும் பங்காளிகள் அவன் விழுந்தால் குடுவையைத் தராமல் அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"அண்ணா, ஜான் கூட ஆட எதுனா ஒரு வழி கீதாண்ணா? வேற பேரு, வேற ஊரு, எதுனா?"

"இல்ல தம்பி."

"ஒரு சின்ன ஓட்டகூடவா இல்ல?"

"இருந்துச்சு" என்றான் வினோத்குமார். "அத்தயும் அடைச்சிட்டேன்."

பொங்கலுக்கு முந்தைய வாரம் வடிகட்டியின் தொடக்க விழா நடந்தது. குடோன் வாசலில் வாழைமரம். உள்ளே நீல பலூன். சுப்பிரமணி சென்னையிலிருந்து கேமராக்காரர்களோடு காரில் வந்து இறங்கினார். நிரந்தரப் பணி ஆணை உறையில் போட்டு, நீல ரிப்பன் கட்டி, அவர் கையில் இருந்தது. தாண்டவராயன் முன்வரிசையில் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பஞ்சாட்சரம். கூட்டத்தின் ஓரத்தில் பவளம் தட்டில் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கி டீயோடு நின்றாள்.

சுப்பிரமணி மைக்கைப் பிடித்தார். "உலகத்திலேயே முதல் முறையாக, மனிதர்களின் மனசைப் புரிந்துகொள்ளும் விளையாட்டுப் பெட்டி! இதைக் கண்டுபிடித்தவர் உங்கள் மண்ணின் மைந்தர், நம் வினோத்குமார்! முதல் பயனாளராக அவரே பதிவு செய்து தொடங்கி வைப்பார்!"

வினோத்குமார் இதை எதிர்பார்க்கவில்லை. "சார், ஐயா தொடங்கி வெக்கட்டும் சார்" என்று தாண்டவராயனைக் காட்டினான்.

"தம்பி, இது நீங்க பெத்த புள்ள. நீங்கதான் பேரு வெக்கணும்" என்றார் தாண்டவராயன் பெருந்தன்மையாக. கூட்டம் கைதட்டியது. கேமரா திரும்பியது. கையில் கன்ட்ரோலரைத் திணித்தார்கள்.

பெரிய திரையில் நீல எழுத்துகள் மலர்ந்தன. அதே எழுத்துகளை இனிமையான பெண் குரல் படித்தது.

'வணக்கம்! நீங்கள் எந்த ஊர்?'

மானாம்பதி என்று அழுத்தினான்.

'மகிழ்ச்சி! மானாம்பதியில் எந்தத் தெரு?'

அவன் விரல் பழக்கதோஷத்தில் தானாகவே நகர்ந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் விழுந்தது. பஸ் ஸ்டாப் பக்கம்.

'மன்னிக்கவும்' என்றது பெண் குரல். 'பஸ் ஸ்டாப் பக்கம் என்பது தெரு அல்ல. மீண்டும் உள்ளிடவும்.'

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. தாண்டவராயன் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டித் திரையைப் பார்த்தார். பிறகு வினோத்குமாரைப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு விளக்கைப் பார்த்து மறந்துபோன கேள்வி அவர் முகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

வினோத்குமார் யோசித்தான். ஊரின் பெயரைத் திருப்பிச் சொல்லலாம், செல்லாது. டவுன் என்று சொல்லலாம், செல்லாது. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தான். எல்லாவற்றிலும் அவனே அடித்த ஆணி. கன்ட்ரோலரில் விரல் தயங்கி நின்றது.

'உங்கள் பதிலுக்கு நன்றி!' என்றது பெண் குரல், உற்சாகம் குறையாமல். 'உங்களுக்கு மிகவும் இணக்கமான நண்பரை இதோ இணைக்கிறோம்.'

பாலைவனம் விரிந்தது. மணலில் புதிதாக ஒரு வீரன் நின்றான். அவன் தலைக்குமேல் வினோத்குமார் என்ற பெயர். தொலைவிலிருந்து இன்னொரு வீரன் அவனை நோக்கி ஓடிவந்தான். அவன் தலைக்குமேல் சூறாவளி. அதாவது, ஜான். விழாவுக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் மதகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா தலைவா, புதுசா? வா வா. தண்ணி வேணுமா?"

மோகன்குமார் பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். சுப்பிரமணி மட்டும் கைதட்டினார். "பாத்தீங்களா! என்ன துல்லியம்! முதல் நாளே!"

தாண்டவராயன் எழுந்தார். "மானாம்பதி பஸ் ஸ்டாப் பக்கம்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, ஒரு வருடமாக 'தம்பி, வாங்க, குந்துங்க' என்று அழைத்த அதே வாயால், "ஏன்டா, எத்தினி தபாடா எங்க வூட்ல குடிச்ச?" என்றார்.

நிறுவனம் சொன்ன சொல் தவறவில்லை. வினோத்குமாருக்கு அன்றே நிரந்தரப் பணி ஆணை வழங்கப்பட்டது. உள்ளூர் 'மனவசதி'யைக் கருத்தில் கொண்டு, மையத்துக்குள் வராமல் வெளியிலிருந்தே பணியாற்றும் சலுகையும் சேர்த்து வழங்கப்பட்டது. நெல் குடோனில் இன்னும் நீல விளக்கு எரிகிறது. ஜிவோனா சும்மா இருக்குமா? போட்டி என்றால் போட்டி. தை முடிவதற்குள் அவர்களும் ஒரு வடிகட்டியை வெளியிட்டார்கள். அதில் உட்பிரிவையும் கேட்கும் வசதி இருந்தது. மெக்ரா இப்போது கோத்திரத்தைச் சேர்க்க ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

விழா அன்று மிச்சமிருந்த ஒரே நிகழ்ச்சி தேநீர் விருந்து. பவளம் தட்டோடு வரிசையாக வந்தாள். வினோத்குமாரின் முன்னால் வந்ததும் நின்றாள். டம்ளர்களைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் போய், ஒரு பேப்பர் கப்போடு வந்தாள். அதில் மெக்ராவின் நீலச் சின்னம் அச்சிட்டிருந்தது. அதன் கீழே, விளம்பர வாசகம் வளைவாக ஓடியது. அவன் அதைப் படித்தான். நிறுவனத்தின் மற்ற வாக்குறுதிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்த ஒன்று மட்டும் எழுத்துக்கு எழுத்து உண்மை.

புது மிஷினில் பழசு எல்லாம் ஓடுகிறது.